ஜாஜஹான் என்றொரு சொல்

1996ஆம் ஆண்டு ஆசிரியர் வேலைக்கு மாற்றலாகி, மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலமான கிளந்தானில் உள்ள குவாலா கிராய்க்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பெயர்ப்பலகை என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. வாடகை வீடு தேடி நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தபோது அரசாங்கக் கட்டடம் ஒன்றின் முகப்பில் 'பெஜாபாட் தானா டான் ஜாஜஹான்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். நான் மேற்குக் கரை மாநிலமான பேராக்கில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் மாவட்ட அலுவலகத்துக்கு 'பெஜாபாட் டாயேரா' என்றுதான் பெயர். ஜாஜஹான் என்ற சொல்லை நான் கற்றது வரலாற்றுப் பாடத்தில். அங்கே அது ஆங்கிலேயரின், ஜப்பானியரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தைக் குறித்தது. அந்தச் சொல்லோடு பிறந்த 'பெஞ்ஜாஜா' என்பதற்குக் குடியேற்றவாதி என்று பொருள். விடுதலை பெற்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆன நாட்டில், ஓர் அரசாங்க அலுவலகம் தன் நெற்றியில் 'நிலமும் குடியேற்ற நாடும்' என்று எழுதி வைத்திருப்பதாகவே அன்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியர் அறையில் கேட்டேன். கிளந்தானில் எப்போதும் அப்படித்தான் என்றார்கள். அவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. எனக்கோ அந்த உறுத்தல் போகவில்லை. அங்கே பணியாற்றிய மூன்றாண்டுகளும், அதற்குப் பிறகு மேற்குக் கரைக்குத் திரும்பிய பல ஆண்டுகளும், அந்தச் சொல் மாற்றப்பட வேண்டிய ஒரு பழைய காயம் என்ற கருத்தையே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் அதற்காக வாதாடியும் இருக்கிறேன். இப்போது அந்தக் கருத்து என்னிடம் அதே வடிவில் இல்லை. அது எப்படிக் கரைந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கிளந்தானின் நிர்வாக அடுக்கு மற்ற மாநிலங்களினின்று ஒரு படி விலகியது. மற்ற இடங்களில் மாவட்டம் எனப்படுவது இங்கே ஜாஜஹான். அதன் தலைவர் கெத்துவா ஜாஜஹான். அதற்குள் வரும் உட்பிரிவுக்குத்தான் இங்கே டாயேரா என்று பெயர். அதற்குப் பொறுப்பானவர் பெங்காவா. அதற்கும் கீழே முக்கிம்; அதைப் பார்த்துக்கொள்பவர் பெங்ஹுலு. பேராக்கில் ஒரு பெங்ஹுலு என்றால் பெரிய மனிதர். இங்கே அதே பெயருடையவர் சில கம்பங்களின், அதாவது மலாய்க் கிராமங்களின், காரியங்களைக் கவனிப்பவர். சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) செல்வாக்கு இருந்த காலத்தில் இந்தக் கீழ்மட்டப் பொறுப்புகளுக்குத் 'தொக் குவெங்', 'தொக் நெபெங்' என்று சயாமியச் சாயல் கொண்ட பெயர்களும் வழங்கின. குவாலா கிராய் ஜாஜஹானில் பத்து மெங்கெபாங், ஓலாக் ஜெராம், டாபோங் என மூன்று டாயேராக்கள் உள்ளன. தெற்கே இன்று தனி ஜாஜஹானாக இருக்கும் குவா முசாங்கும் ஒரு காலத்தில் இதனோடு சேர்ந்தே இருந்தது. அந்தப் பெரும் பரப்புக்கு உலு கிளந்தான் என்று பெயர். உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி. பெயரிலேயே ஆறு இருந்த நிலம் அது.

ஒரு நிறுவனத்தின் நாடு

என் கோபத்துக்கு வரலாறும் துணை நின்றது. இராபர்ட் வில்லியம் டஃப் என்ற ஆங்கிலேயர் பக்கத்து மாநிலமான பகாங்கில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். பகாங் கிளர்ச்சிக்காரர்களைத் துரத்திக்கொண்டு 1890களின் நடுவில் கிளந்தான், திரங்கானுக் காடுகளுக்குள் வந்தவர் அந்த நிலத்தின் வளத்தைக் கண்டுகொண்டார். வேலையை விட்டுவிட்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1900ஆம் ஆண்டில் கிளந்தான் ராஜாவிடமிருந்து உலு கிளந்தானில் ஏறத்தாழ 3,000 சதுர மைல் பரப்புக்கு உரிமம் பெற்றார். மரம், கனிமம், வணிகம் என்று தொடங்கிய அந்த உரிமை நிர்வாகம் வரை நீண்டது. லெபிர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள குவாலா லெபிர் அந்த நிறுவனத்தின் தலைமையிடமாயிற்று. ஆற்றில் தங்கத்தைத் தோண்டினார்கள்; பின்னர் ரப்பருக்கு மாறினார்கள். கிளந்தானைத் தன் மேலாண்மைக்கு உட்பட்ட நிலமாகக் கருதிய சயாம், தன்னைக் கேளாமல் இப்படி ஒரு நிலம் கைமாறியதை எதிர்த்தது. இந்தக் குழப்பத்தின் தொடர்ச்சியாகத்தான் 1903இல் சயாமின் சார்பில் டபிள்யூ. ஏ. கிரஹாம் ஆலோசகராகக் கிளந்தானின் தலைநகரான கோத்தா பாருவுக்கு வந்தார். 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி கிளந்தான் ஆங்கிலேயரின் பிடிக்குள் சென்றது.

1912இல் அரசு அந்த நிறுவனத்தின் சிறப்பு உரிமைகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. கொடுப்பதற்குக் கிளந்தானிடம் பணம் இல்லை. கடன் வாங்கித்தான் அந்த விலை செலுத்தப்பட்டது. ஒரு மாநிலம் தன் நிலத்தின் மேற்பகுதியைத் தானே கடன் வாங்கி மீட்டுக்கொண்ட கதை இது. அதோடும் முடியவில்லை. நிறுவனத்தின் நிலங்களுக்குப் பயன்படும்படி சாலை போட்டுத் தருவதாக அரசு அந்த ஒப்பந்தத்தில் வாக்களித்திருந்தது. பின்பு ரயில் பாதை வருவதாயிற்று, சாலைத் திட்டம் பின்தங்கியது. நிறுவனம் வழக்குக்குப் போனது. நடுவர் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. அந்தத் தீர்ப்பை லண்டன் நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற முயன்றபோது, கிளந்தான் ஓர் இறையாண்மை உள்ள நாடு, அதன் மீது இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதம் எழுந்தது. 1924ஆம் ஆண்டு, அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. ஆங்கில ஆலோசகரின் சொல்லைக் கேட்டு நடந்த ஒரு சிறு மலாய் மாநிலம் சுதந்திர நாடு என்று ஆங்கிலேயரின் குடியேற்ற நாட்டு அமைச்சரே எழுத்தில் உறுதி அளிக்க, நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டது. பன்னாட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு லெபிர் ஆற்றின் நிறம் தெரியும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

ரயில் பாதைக்கும் எங்கள் மக்களுக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் போக முடியாது. கெமாஸிலிருந்து தும்பாட் வரை கிழக்குக் கரைப் பாதை 1931இல் முழுமையடைந்தது. காட்டைப் பிளந்து தண்டவாளம் போட்ட கூட்டத்தில் தமிழர்கள் இருந்தார்கள். ஆற்றோர ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிலும் இருந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் மெந்தகாபிலிருந்து கிராய் வரையிலான தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. தோட்டத் தமிழர்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். பெயர்த்த இரும்புக்குப் பதிலாகப் போருக்குப் பிறகு புது இரும்பு வந்து, 1950களில் ரயில் மீண்டும் ஓடியது. மனிதர்கள் பலர் திரும்பவில்லை. இன்று குவாலா கிராய்ச் சுற்றுவட்டாரத்தில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பாசிர் காஜா தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கிளந்தான் மலாயைத் தாய்மொழிபோல் பேசுவார்கள். 'நீ' என்பதற்கு 'டெமோ', 'நான்' என்பதற்கு 'காவெ', 'என்ன' என்பதற்கு 'காப்போ' என்று அவர்கள் சந்தையில் பேசுவதைக் கேட்டபோது, மேற்குக் கரையிலிருந்து போன நான்தான் அங்கே அந்நியன் என்று உணர்ந்தேன்.

ஆகவே ஜாஜஹான் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டஃபின் நிறுவனமும், பெயர்க்கப்பட்ட தண்டவாளமும், கடனாக வந்த பணமும் நினைவுக்கு வந்தன. அந்தச் சொல் உண்மையைச் சொல்கிறது, அதனாலேயே அதை நீக்க வேண்டும் என்று எண்ணினேன்.

படிக்கட்டு

காலாஸ் ஆறும் லெபிர் ஆறும் கூடிக் கிளந்தான் ஆறு என்ற பெயரோடு ஓடத் தொடங்குவது குவாலா கிராய் வட்டாரத்தில்தான். நகரின் கடைத்தெருவைத் தாண்டிப் போனால் ஆற்றுக்குள் இறங்கும் நீளமான சிமென்டுப் படிக்கட்டு ஒன்று வரும். தாங்கா கிராய் என்பார்கள். பழையவர்கள் சிலர் தாங்கா பிராட்பரி என்றும் சொல்வதுண்டு. 1926 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது என்பது ஊரார் பேச்சு. படகிலிருந்து இறங்கி ஏறுவதற்கான துறை அது. சாலையும் ரயிலும் படகை விலக்கிய பிறகு அதற்கு வேறொரு வேலை வந்தது. மழைக்காலத்தில் ஊர் முழுவதும் அங்கே வந்து நின்று, நீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்க்கும். நீர்ப்பாசனத் துறையின் அளவீட்டு நிலையமும் அந்த இடத்தின் பெயரிலேயே உள்ளது. செய்தியில் தாங்கா கிராய் என்ற பெயர் வந்தால், ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கோத்தா பாருக்காரர்கள் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்ற எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

நான் அங்கே வேலை பார்த்த ஆண்டுகளில் மாலை நேரங்களில் அந்தப் படிகளில் போய் உட்காருவேன். அங்கேதான் போக் சிக்கைத் தெரியும். பெரியவர்களை மாமா என்பதுபோல் எங்கள் பக்கம் அழைக்கும் 'பாக் சிக்' என்பது கிளந்தான் நாக்கில் 'போக் சிக்' ஆகிவிடும். நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். அவர் என்னை 'சிக்கு' என்பார். ஆசிரியர்களை எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். ரயில்வேயில் பாதை பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஆற்றைப் பற்றித்தான் பேசுவார்.

2014 டிசம்பரில் அந்த வெள்ளம் வந்தது. எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கா கிராயில் அபாய மட்டம் 25 மீட்டர். அந்த ஆண்டு நீர் 34.17 மீட்டர் வரை ஏறியது. அபாயம் என்று குறித்து வைத்த கோட்டுக்கு மேல் இன்னும் ஒன்பது மீட்டர் என்றால், ஏறக்குறைய மூன்று மாடி உயரம். நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிளந்தான்காரர்கள். மானெக் உராயில் ஆற்றங்கரை வீடுகள் தூண்களோடு பெயர்ந்து போயின. நிவாரண மையமாக இருந்த பள்ளிக் கட்டடத்திலேயே மக்கள் மாடி மாடியாக மேலே ஏற வேண்டியிருந்தது. மானெக் உராய் என்றால் கோவை அவிழ்ந்த மணிகள் என்று பொருள் கொள்ளலாம். நான் அந்தப் பெயரின் அழகில் பல நாள் மயங்கியிருந்தவன். அந்த டிசம்பர் இறுதியில் செய்திப் படங்களைப் பார்த்தபோது அந்தப் பெயரை உச்சரிக்கவே மனம் கூசியது.

2015 மார்ச்சில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போனேன். சுவர்களில் சேற்றுக் கோடு இன்னும் அழியவில்லை. ஒரு கடையின் மேல்மாடிச் சன்னலுக்கு மேலே அந்தக் கோடு நேராக, நூல் பிடித்து இழுத்ததுபோல் ஓடியது. கோட்டுக்குக் கீழே மஞ்சள் படிந்த சுண்ணாம்பு. மேலே பழைய வெள்ளை. சன்னலின் மரச்சட்ட இடுக்கில் காய்ந்த சேறு விரல் கனத்துக்கு நின்றது. சுரண்டிப் பார்த்தேன், மாவுபோல் மிருதுவாக உதிர்ந்தது, அதில் ஒரு நெல் உமி ஒட்டியிருந்தது. தெருவில் அப்போதும் சேற்று வாசனை இருந்தது.

போக் சிக் படிக்கட்டில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நீர் வெகு ஆழத்தில், ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் மேட்டில் நின்ற மின்கம்பத்தைத் திரும்பிக் காட்டி, "அந்தக் கம்பியைத் தொட இவ்வளவுதான் பாக்கி, சிக்கு" என்று இரு கைகளையும் விரித்தார். 1926ஆம் ஆண்டு வெள்ளத்தை அங்கே 'பா மேரா' என்பார்கள், சிவப்பு வெள்ளம். மலையிலிருந்து செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர். 2014க்கு 'பா கூனிங்', மஞ்சள் வெள்ளம். தன் அப்பா சிவப்பைப் பார்த்தார், தான் மஞ்சளைப் பார்த்துவிட்டேன் என்றார் அவர்.

காடு அழிந்ததால் வந்த வெள்ளம்தானே இது என்று நான் கேட்டேன். மேற்குக் கரையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பா காலத்தில் காடு அத்தனையும் நின்றதே, அப்போதும் வந்ததே என்றார். பிறகு, "ஆனால் அப்போது ஆறு மரம் கொண்டுவந்தது வேரோடு. இப்போது கொண்டுவந்தது அறுத்த மரம்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அதில் நான் கற்றதைச் சேர்க்க எனக்கு அதிகம் இல்லை. அந்த டிசம்பரில் மலைகளில் கொட்டிய மழை எந்தக் காட்டையும் மீறி வெள்ளத்தைக் கொண்டுவந்திருக்கும் என்பதை நான் ஏற்கிறேன். அதே வேளையில் மேற்பகுதியில் மரம் வெட்டவும் தோட்டம் போடவும் திறந்துவிடப்பட்ட சரிவுகளிலிருந்து மண் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது என்பதையும், ஆற்றின் அடி மேடிட்டதால் அது கொள்ளும் நீர் குறைந்தது என்பதையும் யாரும் எனக்கு மறுத்துச் சொல்ல முடியாது. அந்தச் சேற்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் அவர் அதைச் சொன்னார். பேச்சு அப்பாவைப் பற்றித் திரும்பியிருந்தது. அவருடைய அப்பா படகுக்காரர். உப்பு, புகையிலை, கருவாடு ஏற்றிக்கொண்டு லெபிர் ஆற்றில் கழி ஊன்றி மேலே போவார். பிரம்பும் குங்கிலியமும் ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார். "அப்பா லெபிர் முழுவதும் ஜாஜா போனவர், சிக்கு. எந்த வளைவில் நீர் சுழலும், எந்த வீட்டில் யாருக்கு உப்புக் கடன் என்று அவருக்குத் தெரியும்" என்றார். ஜாஜா என்று அவர் சொன்னதை முதலில் நான் தவறாகக் கேட்டேன் என்று நினைத்தேன். ஏழைப் படகுக்காரர் ஒருவர் ஆற்றைக் குடியேற்ற நாடாக்கினாரா? மறுபடி கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்து, கையை ஆற்றின் மேல்பக்கம் நீட்டி, வளைத்து வளைத்து ஒரு கோடு வரைந்தார். போய்ப் போய் வருவது, ஓர் இடம் விடாமல் சுற்றுவது. அதுதான் ஜாஜா என்றார்.

அன்றிரவு விடுதி அறையில் நான் சரியாகத் தூங்கவில்லை. வீடு திரும்பியதும் அகராதியைப் பார்த்தேன். ஆட்சி செய்து அடக்குவது என்ற பொருளோடு, ஊர் ஊராகச் சென்று வருவது என்ற பொருளும் அந்தச் சொல்லின் கீழ் இருக்கத்தான் செய்தது. நம் மொழியிலும் இப்படி நடந்திருக்கிறது. செலவு என்றால் சங்கப் பாட்டில் பயணம். தலைவன் பொருள் தேடிப் புறப்படுவதைத்தான் செலவு என்றார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கைப்பணம் குறைவதுதான் நினைவுக்கு வருகிறது. நான் பள்ளியில் ஒரு பொருளை மட்டும் கற்றுக்கொண்டு, இருபது ஆண்டுகள் ஒரு பெயர்ப்பலகையோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஒருவர் போய்ச் சுற்றி வரக்கூடிய தொலைவு. பொறுப்புள்ளவர் தன் காலாலோ கழியாலோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய நிலம். அப்படி எடுத்துக்கொண்டால், படகு எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவு தூரம்தான் ஜாஜஹான். டஃபின் நிறுவனம் வரைபடத்தில் கோடு போட்டு வாங்கியது வேறு. போக் சிக்கின் அப்பா அறிந்து வைத்திருந்தது வேறு. இரண்டும் ஒரே ஆறு, ஒரே ஆண்டுகள். முதலாவது பொருள் பொய் என்று நான் சொல்லவில்லை. நிலத்தைச் சுற்றி வந்தவன் காலப்போக்கில் அதற்கு எஜமானன் ஆவதும், அதனால் சொல்லும் பொருள் மாறிப்போவதும் உலகமெங்கும் நடந்தவை. ஆனால் அந்தப் பலகையை இறக்க வேண்டும் என்று இப்போது நான் கேட்க மாட்டேன். அதை எழுதி வைத்திருப்பவர்கள் அதன் பழைய பொருளுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன். வெள்ளத்தின்போது யார் உதவினார்கள் என்று மானெக் உராயில் நான் விசாரித்த ஒவ்வொருவரும், படகில் ஏறித் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவரைத்தான் சொன்னார்கள். ஒருவர் தங்கள் முக்கிமின் பெங்ஹுலுவைச் சொன்னார், இன்னொருவர் பக்கத்துக் கம்பத்து இளைஞர்களை, மற்றொருவர் முன்பின் தெரியாத ஒரு மீனவரை. எந்தத் துறை, எந்தப் பதவி என்று ஒருவரும் தொடங்கவில்லை.

டாபோங் வரை

சுற்றுலா அலுவலகத்தில் கொடுக்கும் மடிப்புத் தாளில் இந்த ஜாஜஹானின் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கும்: சிறு விலங்குக் காட்சிசாலை, லாத்தா ரேக் அருவி, ஸ்தோங் மலை, ஜெலாவாங் அருவி, டாபோங்கின் குகைகள். காட்சிசாலை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. லாத்தா ரேக்கில் விடுமுறை நாளில் குடும்பங்கள் பாய் விரித்துச் சோறு உண்ணும். இவை இரண்டையும் பற்றி அதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை. ஆனால் டாபோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் இந்த ஜாஜஹானின் தொலைவான மூலை. அங்கேதான் சுற்றி வருவது என்ற சொல்லுக்கு எடை தெரியும்.

டாபோங்குக்குச் சாலை இப்போது இருக்கிறது. ஆனாலும் அந்தப் பகுதி ரயிலைப் பார்த்து வளர்ந்தது. விடியற்காலை ரயிலில் பெட்டாய்க் காய்க் கொத்துகளும் கீரைக் கட்டுகளும் ஏற்றிக்கொண்டு பெண்கள் சந்தைக்குப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு அவர்களுக்கு நடுவே சாய்ந்து தூங்குவார்கள். 2014 வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது அறுந்தது இந்த வாழ்க்கை. புதுப் பாலம் வந்து ரயில் முழுமையாக ஓடச் சில ஆண்டுகள் ஆயின. இரும்புப் பாலம் ஒன்று போனதாகத்தான் தலைநகரில் அது பேசப்பட்டது. கீரை வாடிப்போன கணக்கை யாரும் எழுதவில்லை.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை கிராயிலிருந்து டாபோங் போனேன். எனக்கு எதிரே ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த தமிழம்மா ஒருவர், பேரப் பிள்ளையோடு இருந்தார். என்னோடு தமிழில் பேசினார், பக்கத்து இருக்கை மலாய்ப் பெண்ணோடு கிளந்தான் பேச்சில் பேசினார். இரண்டுக்கும் நடுவே குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "வெள்ளத்துல லயத்துக் கூரை மட்டும்தான் தெரிஞ்சுச்சு வாத்தியாரே" என்றார். அரிசி மூட்டை நனைந்ததை நெடுநேரம் சொன்னார். பக்கத்துக் கம்பத்து மலாய்க் குடும்பம் மேட்டில் இருந்த தங்கள் வீட்டில் பத்து நாள் இடம் கொடுத்ததை ஒரே வரியில் சொன்னார். அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டாபோங் நெருங்கும்போது பனி விலகி ஸ்தோங் மலை தெரிந்தது. பாறை முகத்தில் வெள்ளைக் கோடு ஒன்று செங்குத்தாகத் தொங்கியது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் ஜெலாவாங் அருவி அது. மலைமேல் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் விடியலில் காலுக்குக் கீழே மேகக் கடலைப் பார்க்கலாம். இந்த மலையிலன்றி வேறெங்கும் காணாத ஒரு விசிறிப் பனை வகைக்கு இம்மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குகைகளில் குவா ஈக்கானுக்குள் ஒரு சிற்றாறு ஓடுகிறது; முழங்கால் நீரில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மறுபக்கத்து வெளிச்சம் வரை போகலாம். இந்த இடங்கள் அனைத்தும் பார்க்கத் தகுந்தவை. ஆனாலும் ஜெலாவாங்கில் விழும் நீரைப் பார்த்தபடி நின்றபோது என் மனம், இது எத்தனை மணி நேரத்தில் தாங்கா கிராய்க்குப் போய்ச் சேரும் என்ற கணக்கில்தான் இருந்தது. அருவியும் குகையும் படிக்கட்டும் ஒரே நீரின் மூன்று நிலைகள். மடிப்புத் தாளில் படிக்கட்டையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மழை இல்லாத மாதத்தில் அங்கே வந்து, முதல் படியில் நின்று, ஆற்றை அல்லாமல் திரும்பி மேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது கிராயில் இறங்கி அந்த அலுவலகத்தின் வழியாகவே ரயிலடியிலிருந்து நடந்தேன். பலகை புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தது. ஓர் இளம் அதிகாரி சேறு படிந்த காலணியோடு, கைப்பேசியில் யாரிடமோ ஒரு கம்பத்தின் பெயரைச் சொல்லி நாளைக்கு நேரில் வருகிறேன் என்று பேசியபடி படியேறிக்கொண்டிருந்தார். நான் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நடந்தேன்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் போக் சிக்கைத் தொலைபேசியில் அழைக்கிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். நலம் விசாரிப்பதற்கு முன்பே எத்தனை படி தெரிகிறது என்று கேட்டுவிடுவேன். அவரும் வணக்கம் சொல்லுமுன் அதற்குத்தான் பதில் சொல்வார். கடந்த முறை, இருங்கள் சிக்கு, பேரனைப் போய்ப் பார்த்து வரச் சொல்கிறேன் என்று சொல்லி, தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டார். நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.